மறுக்கப்பட்ட பில்லின் கதை: டல்லாஸ் ஆசிரியர்களின் 50 சதத்திலிருந்து இன்று வரை

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்து எழும்பி வீட்டுக்கு வந்த பிறகு, சில நேரம் தபாலில் ஒரு கடிதம் வரும். "உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது." மாதா மாதம் ஒழுங்காகக் காப்புறுதிக்குக் காசு கட்டியவருக்குத்தான் இந்தக் கடிதம் வருகிறது. சிகிச்சை முடிந்துவிட்டது, பில் மட்டும் அப்படியே கிடக்கிறது. சிலருக்கு அதைவிட மோசம்: சிகிச்சை தொடங்கும் முன்பே அந்தக் கடிதம் வந்துவிடும்.

இந்தக் கடிதம் எப்படிப் பிறந்தது? அதை எதிர்த்துக் கேட்கும் உரிமை எப்படி வந்தது? அந்த உரிமை கையில் இருந்தும் ஏன் கிட்டத்தட்ட ஒருவரும் அதைப் பாவிப்பதில்லை? இதுதான் இன்றைய விடயம். காப்புறுதி மார்க்கத்தில் ஆகுமா, தகாபுல்தான் வழியா என்ற கேள்வியை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். நாம் வரலாற்றை மட்டும் பார்ப்போம். ஆசிரியர்களான நமக்கு இதில் இன்னொரு நெருக்கமும் உண்டு. இந்தக் கதை தொடங்குவதே ஒரு நகரத்தின் ஆசிரியர்களிடமிருந்துதான்.

■ 1929: ஆசிரியர்களின் 50 சதம்

டெக்சாஸ் மாநிலம், டல்லாஸ் நகரம், பேய்லர் பல்கலைக்கழக வைத்தியசாலை. அதன் நிர்வாகப் பொறுப்பு அப்போது ஜஸ்டின் போர்ட் கிம்பல் என்பவரிடம் இருந்தது. அவர் வைத்தியர் அல்ல. அதற்கு முன் டல்லாஸ் பாடசாலைகளுக்குப் பொறுப்பான அத்தியட்சகராக இருந்தவர். நம் வழக்கில் சொன்னால் வலயக் கல்விப் பணிப்பாளர் மாதிரி. வைத்தியசாலையில் கட்டப்படாமல் கிடந்த பில்களைப் பார்த்தபோது அவருக்குத் தெரிந்த பெயர்கள் பல இருந்தன. தன்னிடம் வேலை செய்த ஆசிரியர்களின் பெயர்கள்.

அவர் போட்ட திட்டம் மிக எளிமையானது. ஒவ்வொரு ஆசிரியரும் மாதம் 50 சதம் கட்ட வேண்டும். நோய் வந்தால் 21 நாள் வரை அந்த வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறலாம். 1,250க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் பங்குச் சந்தை விழுந்து பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியது. மற்ற ஊர்களில் வைத்தியசாலைக் கட்டில்கள் வெறுமையாகக் கிடந்தன, பில் கட்ட ஆள் இல்லை. டல்லாஸ் ஆசிரியர்களின் திட்டத்தைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கினார்கள். பின்னாளில் நாடு முழுக்கப் பரவிய 'புளூ குரோஸ்' காப்புறுதியின் வேர் இதுதான்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த முதல் திட்டத்தில் காசு வாங்குவதும் வைத்தியசாலை, சிகிச்சை கொடுப்பதும் அதே வைத்தியசாலை. இரண்டு பக்கம்தான்: ஆசிரியர், வைத்தியசாலை. கால் முறிந்த ஆசிரியர் வந்தால் அவர் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள், கட்டில் கொடுப்பார்கள். "கோரிக்கை" என்ற காகிதத்துக்கு அங்கே வேலையே இல்லை. கோரிக்கை இல்லாத இடத்தில் நிராகரிப்பும் இல்லை.

■ மூன்றாவது ஆள் வருகிறார்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், விலையும் சம்பளமும் ஏறாமல் அமெரிக்க அரசாங்கம் கட்டுப்படுத்தியது. ஆட்களுக்குத் தட்டுப்பாடு, ஆனால் சம்பளத்தைக் கூட்டித் தொழிலாளியை இழுக்க முதலாளிக்கு வழியில்லை. மருத்துவக் காப்புறுதி போன்ற சலுகைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே "எங்களிடம் வேலைக்கு வந்தால் காப்புறுதி தருவோம்" என்றார்கள். முதலாளி கட்டும் காப்புறுதிக் காசுக்கு வருமான வரி இல்லை என்பதை 1954ஆம் ஆண்டின் வரிச் சட்டம் உறுதியாக்கியது. அன்று முதல் அமெரிக்கருக்கு வேலையும் காப்புறுதியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. வேலை போனால் காப்புறுதியும் போகும்.

இப்படி நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவில் காசு கட்டும் மூன்றாவது ஆள் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தார். அவர் நோயாளியைப் பார்ப்பதில்லை, நாடி பிடிப்பதில்லை. அவருக்குத் தெரிவதெல்லாம் மேசைக்கு வரும் காகிதம்தான்.

1965 ஜூலை 30ஆம் திகதி ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன், முதியோருக்கான 'மெடிகெயார்', வறியோருக்கான 'மெடிக்கெய்ட்' ஆகிய இரண்டு அரச திட்டங்களுக்கும் கையொப்பமிட்டார். மிசூரி மாநிலத்தில், முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனின் ஊருக்கே போய் அதைச் செய்தார். கோடிக்கணக்கானோருக்கு அது பெரிய நிவாரணம். அதே சட்டத்தில் ஒரு சிறிய நிபந்தனையும் இருந்தது. நோயைக் கண்டறியவோ குணப்படுத்தவோ "நியாயமானதும் அவசியமானதும்" அல்லாத எதற்கும் காசு கொடுக்கப்படாது என்பதே அது.

வாசிக்கும்போது யாருக்கும் ஆட்சேபம் வராது. அவசியமில்லாத சிகிச்சைக்குப் பொதுப் பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்? ஆனால் அவசியம் எது என்று தீர்மானிப்பது யார்? கட்டிலருகே நிற்கும் வைத்தியரா, மேசையருகே இருக்கும் அலுவலரா? அடுத்து வந்த அறுபது வருடச் சண்டை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

■ 1974: உரிமை தந்த சட்டம், வாயை அடைத்த சட்டம்

1963இல் இந்தியானா மாநிலத்தில் ஸ்டூடிபேக்கர் என்ற கார் நிறுவனம் தன் தொழிற்சாலையை மூடியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் ஓய்வூதியம் காற்றோடு போனது. இப்படியான அநியாயங்களைத் தடுக்கத்தான் 1974இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பெயரைச் சுருக்கி 'எரிசா' என்பார்கள். ஓய்வூதியத்துக்காகப் பிறந்த சட்டம். ஆனால் முதலாளி வழியாக வரும் மருத்துவக் காப்புறுதியும் அதற்குள் வந்தது.

அதில் ஒரு நல்ல பிரிவு உண்டு, 503ஆம் பிரிவு. ஒருவருடைய கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதுவும் சாதாரண மனிதருக்கு விளங்கும்படி கொடுக்க வேண்டும். அவர் மீண்டும் முறையிட்டால் முழுமையாகவும் நியாயமாகவும் திரும்பப் பார்க்க வேண்டும். மறுக்கப்பட்டவர் காரணம் கேட்பதும் மேன்முறையீடு செய்வதும் இந்தப் பிரிவால் சட்ட உரிமை ஆனது.

அதே சட்டம் இன்னொரு கதவை மூடிவிட்டது. மிசிசிப்பி மாநிலத்தில் வேலையிடத்தில் முதுகில் அடிபட்ட ஒரு தொழிலாளிக்குக் காப்புறுதி நிறுவனம் கொடுப்பனவை நிறுத்துவதும், கொடுப்பதும், மீண்டும் நிறுத்துவதுமாக இழுத்தடித்தது. அவர் மாநிலச் சட்டப்படி நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 1987இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், எரிசா இருக்கும் இடத்தில் மாநிலச் சட்டப்படி அப்படி வழக்குப் பேச முடியாது என்று தீர்த்தது. வென்றாலும் ஆரம்பத்தில் தர வேண்டிய தொகைதான் கிடைக்கும். வலிக்கும் அலைச்சலுக்கும் தாமதத்துக்கும் ஒன்றும் இல்லை.

பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொன்னால், கடன் வாங்கியவர் பத்து வருடம் இழுத்தடித்தாலும் கடைசியில் அசலை மட்டும் கொடுத்தால் போதும் என்றால் எத்தனை பேர் நேரத்துக்குக் கொடுப்பார்கள்?

■ தொலைபேசியில் ஒரு தீர்மானம்

எழுபதுகளில் வைத்தியச் செலவு வேகமாக ஏறியது. 1973இல் ஜனாதிபதி நிக்சன் கையொப்பமிட்ட ஒரு சட்டம், செலவைக் கட்டுப்படுத்தும் வகைக் காப்புறுதி நிறுவனங்களுக்கு ஊக்கம் கொடுத்தது. எண்பதுகளில் அவை பெருகின. முன்பெல்லாம் சிகிச்சை முடிந்த பிறகுதான் பில் பார்ப்பார்கள். இப்போது "முதலில் எங்களிடம் அனுமதி எடு, பிறகு படுக்க வை" என்ற முறை வந்தது.

லூசியானா மாநிலத்தில் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண் ஒருவரின் வழக்கு இதில் மறக்க முடியாதது. 1989ஆம் ஆண்டு. கர்ப்பம் ஆபத்தானது, ஆஸ்பத்திரியில் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்றார் அவருடைய வைத்தியர். அனுமதி வழங்கும் நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக நாளைக்கு 10 மணித்தியாலம் தாதி ஒருவர் வீட்டுக்கு வருவதற்கு அனுமதித்தது. தாதி வீட்டில் இல்லாத நேரம் ஒன்றில் வயிற்றில் இருந்த குழந்தைக்கு ஆபத்து வந்தது, குழந்தை இறந்தது.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எரிசா சட்டத்தின் கீழ் இவர்களுக்கு எந்த நட்டஈடும் இல்லை. தங்கள் தீர்ப்பு இந்தக் குடும்பத்தை நிவாரணம் இல்லாமல் விடுகிறது என்பதை நீதிபதிகள் தீர்ப்பிலேயே ஒத்துக்கொண்டார்கள். சட்டத்தைத் திருத்துவது பாராளுமன்றத்தின் வேலை என்று முடித்துக்கொண்டார்கள்.

1996 மே மாதம் வைத்தியர் லிண்டா பீனோ அமெரிக்கக் காங்கிரஸின் குழு ஒன்றின் முன் சாட்சியம் சொன்னார். அவர் காப்புறுதி நிறுவனத்தில் கோரிக்கைகளைப் பார்த்துச் சரி, இல்லை என்று சொல்லும் வேலை செய்தவர். 1987இல் ஒரு மனிதருக்கு உயிர் காக்கும் சத்திரசிகிச்சையைத் தான் மறுத்ததாகவும், அதனால் அவர் இறந்ததாகவும், நிறுவனத்துக்கு அரை மில்லியன் டொலர் மிச்சமானதாகவும் பகிரங்கமாகச் சொன்னார். அதற்காகத் தன்னை யாரும் கேள்வி கேட்கவில்லை, மாறாகத் தன் மதிப்பு உயர்ந்தது என்பதையும் சொன்னார். அந்த நோயாளியை அவர் ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை.

■ எல்லா மறுப்பும் அநியாயமா?

இங்கே நாம் நேர்மையாக ஒரு விடயத்தைப் பேச வேண்டும். வரலாறு படிப்பவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கக் கூடாது.

கலிபோர்னியாவில் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் முற்றிய நிலை. கடுமையான மருந்து கொடுத்து, பிறகு என்புமச்சை மாற்றுச் சிகிச்சை செய்தால் பிழைக்கலாம் என்றார்கள். "இது இன்னும் பரிசோதனை நிலையில் உள்ள சிகிச்சை" என்று காப்புறுதி நிறுவனம் மறுத்தது. நம் ஊரில் ஜும்ஆவுக்குப் பிறகு துண்டு விரித்துச் சேர்ப்போமே, அதுபோல அந்தக் குடும்பமும் ஊராரிடம் 2 இலட்சம் டொலருக்கு மேல் சேர்த்துச் சிகிச்சை செய்தது. 1993 ஏப்ரலில் அவர் மௌத்தானார். வழக்கறிஞரான அவருடைய சகோதரரே வழக்கை நடத்தினார். அந்த வருட இறுதியில் ஜூரிகள் 89 மில்லியன் டொலர் நட்டஈடு விதித்தார்கள். காப்புறுதித் துறையே ஆடிப்போனது. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் பயந்து அந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன.

கதை அத்தோடு முடியவில்லை. 1999இல் முறையான ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. அந்தச் சிகிச்சை சாதாரண மருந்தைவிடக் கூடுதலான பலன் எதையும் தரவில்லை. பலன் உண்டு என்று காட்டிய தென்னாபிரிக்க ஆய்வு ஒன்று மோசடி என்று 2000இல் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் பல்லாயிரக்கணக்கான பெண்கள் அந்த வேதனையான சிகிச்சைக்குள் போய் வந்திருந்தார்கள். சிலர் சிகிச்சையாலேயே இறந்தார்கள்.

அப்படியென்றால் அந்த நிறுவனம் மறுத்தது சரியா? முடிவு மருத்துவ ரீதியாகச் சரியாக இருந்திருக்கலாம். ஆனால் செலவைக் குறைத்தால் இலாபம் பெறும் ஆளே அந்த முடிவையும் எடுத்தார் என்பதால் ஜூரிகள் அதை நம்பவில்லை. நீதி செய்தால் மட்டும் போதாது, இரு பக்கமும் சாராத ஒருவர் கேட்டு விசாரித்துச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். இதை நம் சமூகத்துக்கு நாம் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பங்கு கேட்டு வந்தவரே காழியாகவும் உட்கார்ந்தால் அந்தத் தீர்ப்பை யார் ஏற்பார்?

■ மறுப்புக்கு இலக்கம் போட்ட காலம்

அமெரிக்க வைத்தியர் சங்கம் 1966இலேயே ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு குறியீட்டு இலக்கம் கொடுத்துப் புத்தகம் வெளியிட்டது. 1996இல் வந்த 'ஹிப்பா' சட்டம், பில்களைக் கணனி வழியாக ஒரே அமைப்பில் அனுப்பும் முறைக்கு வழி செய்தது. இன்று வைத்தியசாலை அனுப்பும் கோரிக்கையில் நோய்க்கு ஒரு குறியீடு, செய்த சிகிச்சைக்கு ஒரு குறியீடு. திரும்பி வரும் மறுப்புக்கும் ஒரு குறியீடு.

இந்த மறுப்புகளைப் படித்து, திருத்தி, மீண்டும் அனுப்புவதற்கென்றே பெரிய தொழில் ஒன்று உருவாகிவிட்டது. 'மெடிக்கல் பில்லிங்' என்பது அதுதான். அமெரிக்காவின் பகல் நேரத்துக்கு ஏற்ப, சென்னையில் இரவு முழுக்க விழித்திருந்து அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களுக்குத் தொலைபேசி எடுத்து "இந்தக் கோரிக்கையை ஏன் மறுத்தீர்கள்?" என்று கேட்பதே வேலையாக உள்ள தமிழ் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

அவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் இலக்கங்கள் சில:

• 16 – விபரம் போதாது, அல்லது பிழை.
• 18 – ஏற்கனவே அனுப்பியதையே மீண்டும் அனுப்பியிருக்கிறீர்கள்.
• 27 – காப்புறுதி முடிந்த பிறகு எடுத்த சிகிச்சை.
• 29 – கோரிக்கை அனுப்பும் காலக்கெடு முடிந்துவிட்டது.
• 50 – மருத்துவ ரீதியாக அவசியமானதாகக் கருதப்படவில்லை.
• 97 – இந்தச் சிகிச்சைக்கான காசு இன்னொரு சிகிச்சையின் காசுக்குள் அடங்கிவிட்டது.
• 197 – முன் அனுமதி எடுக்கவில்லை.

1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் "அவசியமானது" என்ற சொல் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்: 50 என்ற ஓர் இலக்கமாக.

கைதேர்ந்தவர்கள் மறுப்பைக் கையாளும் விதத்தில் நமக்கும் பாடம் உண்டு. முதலில் அவர்கள் கேட்கும் கேள்வி: இது காகிதப் பிழையா, மருத்துவத் தீர்மானமா? பெயரில் ஓர் எழுத்து, பிறந்த திகதியில் ஓர் இலக்கம் பிழைத்திருந்தால் அதைத் திருத்தி அனுப்பினால் போதும். அதற்கு நீண்ட முறையீடு எழுதினால் காலம்தான் வீண். மாறாக, "அவசியமில்லை" என்று மறுத்திருந்தால் அதே காகிதத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பிப் பலனில்லை. 18ஆம் இலக்கத்தோடு திரும்பி வரும். அதற்கு வேறு வேலை செய்ய வேண்டும். எந்த விதியின் அடிப்படையில் மறுத்தார்கள் என்று கேட்டு, அந்த விதியை எடுத்து வாசிக்க வேண்டும். வைத்தியரிடம் அந்த விதிக்கு நேராகப் பதில் சொல்லும் கடிதம் வாங்க வேண்டும். பரிசோதனை அறிக்கைகளை இணைக்க வேண்டும். சிகிச்சை செய்யும் வைத்தியர் நிறுவனத்தின் வைத்தியரோடு நேரடியாகப் பேசவும் வழி உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது திகதி. நியாயம் முழுக்க நம் பக்கம் இருந்தாலும் நாள் தவறினால் 29ஆம் இலக்கம் வந்து கதையை முடித்துவிடும். யாரோடு பேசினோம், எப்போது பேசினோம், என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொரு அழைப்பையும் அவர்கள் எழுதி வைப்பது அதனால்தான்.

■ 2010: வெளியாள் ஒருவர் பார்ப்பார்

2010 மார்ச் 23ஆம் திகதி ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டம் பல விடயங்களை மாற்றியது. ஏற்கனவே நோய் உள்ளவர் என்று சொல்லி ஆளைத் தள்ள முடியாது என்பது எல்லோரும் அறிந்தது. நம் கதைக்கு முக்கியமானது இன்னொன்று. மறுக்கப்பட்டவர் முதலில் நிறுவனத்திடமே முறையிடலாம். அதற்கு 180 நாள் அவகாசம். அவசரமான நோய் என்றால் 72 மணித்தியாலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கேயும் மறுத்தால், மருத்துவத் தீர்மானம் சம்பந்தப்பட்ட விடயங்களில், நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவரிடம் போகலாம். அவர் நோயாளிக்குச் சார்பாகச் சொன்னால் நிறுவனம் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

அறுபதுகளில் எழுந்த கேள்விக்கு, பல குடும்பங்களின் கண்ணீருக்குப் பிறகு கிடைத்த பதில் இது. பங்கு கேட்பவரும் காழியும் வேறு வேறு ஆள்.

சரி, உரிமை வந்தது. எத்தனை பேர் பாவித்தார்கள்?

அரசாங்கத்தின் இணையச் சந்தை வழியாக விற்கப்படும் காப்புறுதிகளின் 2023ஆம் ஆண்டுக் கணக்கை கே.எப்.எப். என்ற ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள வைத்தியசாலைகள் அனுப்பிய கோரிக்கைகளிலேயே 19 சதவீதம் மறுக்கப்பட்டிருந்தது. அப்படி மறுக்கப்பட்டவற்றில் முறையீடு செய்யப்பட்டது 1 சதவீதத்துக்கும் குறைவு. முறையிட்டவற்றில் 56 சதவீதத்தில் நிறுவனங்கள் பழைய முடிவிலேயே நின்றன. மற்றப் பக்கமாகக் கணக்குப் போடுங்கள். கேட்டவர்களில் 100க்கு 44 பேருக்கு முடிவு மாறியிருக்கிறது.

முதியோருக்கான மெடிகெயார் திட்டத்தைத் தனியார் நிறுவனங்கள் வழியாக நடத்தும் பிரிவு ஒன்று உண்டு. அதை அரசாங்கத்தின் பரிசோதகர் நாயகம் அலுவலகம் ஆராய்ந்து 2018இல் அறிக்கை வெளியிட்டது. 2014 முதல் 2016 வரை மறுப்புகளுக்கு எதிராக முறையிடப்பட்டது சுமார் 1 சதவீதம்தான். ஆனால் முறையிட்டபோது தங்கள் மறுப்புகளில் 75 சதவீதத்தை அந்த நிறுவனங்களே மாற்றிக்கொண்டன. அதே அலுவலகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, முன் அனுமதி மறுக்கப்பட்டவற்றில் 13 சதவீதம் மெடிகெயார் விதிகளின்படி அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டியவை.

2023இல் வந்த ஒரு புலனாய்வுச் செய்தி, ஒரு பெரிய நிறுவனத்தில் வைத்தியர்கள் கணனி பிரித்துக் கொடுத்த கோரிக்கைகளை மொத்தமாக மறுத்ததை வெளிக்கொண்டுவந்தது. ஒரு கோரிக்கைக்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 1.2 விநாடி. நாம் ஒரு பிள்ளையின் விடைத்தாளில் பெயரை வாசிக்க எடுக்கும் நேரம்கூட இல்லை.

இந்த எண்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். மறுப்பது நிறுவனத்துக்கு மலிவு. முறையிடுவது நோயாளிக்குச் சிரமம். நோயோடு இருப்பவர், மௌத்து விழுந்த வீட்டில் இருப்பவர், ஆங்கிலக் கடிதத்தைப் பார்த்துப் பயப்படுபவர், "பெரிய கம்பனி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று நினைப்பவர், இவர்களெல்லாம் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த மௌனத்தின் மீதுதான் பல மறுப்புகள் நிற்கின்றன.

மௌனம் கலையும்போது எல்லா இடத்திலும் நல்லதாகக் கலைவதில்லை. 2024 டிசம்பர் 4ஆம் திகதி நியூயோர்க் நகரத் தெருவில், நாட்டின் மிகப் பெரிய மருத்துவக் காப்புறுதி நிறுவனத்தின் தலைமை அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். ரவைகளில் "தாமதி", "மறு" என்ற பொருள்படும் சொற்கள் எழுதப்பட்டிருந்தன. சமூக ஊடகங்களில் சிலர் அதைக் கொண்டாடியதையும் நாம் பார்த்தோம். ஓர் உயிரைப் பறித்ததால் ஒருவருடைய பில்லும் தீரவில்லை. இரண்டு பிள்ளைகள் தகப்பனை இழந்தார்கள். ஆனால் ஒரு நாட்டில் மக்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனால் கோபம் எந்த அளவுக்குப் போகும் என்பதையும் அந்தக் கொண்டாட்டம் காட்டியது.

■ நமக்கு என்ன இருக்கிறது?

நம் நாட்டின் அரசாங்க ஆஸ்பத்திரியில் வாசலில் நின்று "உன்னிடம் என்ன காப்புறுதி இருக்கிறது?" என்று யாரும் கேட்பதில்லை. வரிசை நீளம், கட்டில் பற்றாக்குறை, சில நேரம் மருந்தை வெளியில் வாங்கச் சொல்வார்கள். எல்லாம் உண்மை. என்றாலும் ஓர் ஏழைத் தாயின் பிரசவத்துக்கு முன்பு எவரிடமும் தொலைபேசியில் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மேலே சொன்ன லூசியானாத் தாயின் கதையைப் படித்த பிறகு அதன் பெறுமதி நமக்கு இன்னும் விளங்க வேண்டும்.

அதே நேரம், நம்மில் பலருக்கும் இப்போது காப்புறுதி உண்டு. அரச ஊழியர்களான நம்முடைய சம்பளத் துண்டில் 'அக்ரஹார' என்று மாதா மாதம் கழிகிறது. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. தனியார் கம்பனிகளின் காப்புறுதி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். வளைகுடாவில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு முதலாளி எடுத்துக் கொடுத்த காப்புறுதி அட்டை இருக்கிறது. டல்லாஸ் ஆசிரியர்களின் 50 சதம் போல நாமும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கோரிக்கை திரும்பி வந்தால் மட்டும் "நஸீப் அவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறோம்.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் 180 நாள் இங்கே செல்லாது. ஆனால் அந்த வரலாறு சொல்லித்தரும் பழக்கங்கள் எங்கேயும் செல்லும்:

1. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன "இல்லை"க்கு எதிராக முறையிட முடியாது.
2. எந்த விதியின்படி மறுத்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த விதி எங்கே இருக்கிறது என்று தேடி வாசியுங்கள்.
3. காகிதப் பிழையா, மருத்துவக் காரணமா என்று பிரியுங்கள். முதலாவதற்குத் திருத்தம், இரண்டாவதற்கு வைத்தியரின் கடிதம்.
4. அனுப்பும் ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் அறிக்கைக்கும் பிரதி வைத்திருங்கள். அனுப்பிய திகதியை எழுதி வையுங்கள்.
5. முதல் நாளே காலக்கெடுவைக் கேளுங்கள்.
6. கம்பனி இறுதியாக மறுத்தாலும் அது கடைசி வாசல் அல்ல. இலங்கையில் காப்புறுதிக்கென்று குறைகேள் அதிகாரி ஒருவர் இருக்கிறார். காப்புறுதி நிறுவனங்களை மேற்பார்வை செய்யும் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கிறது.

இதோடு இன்னொரு கடமையும் நமக்கு உண்டு. உண்மையை மட்டும் எழுத வேண்டும். படுக்காத நாளைப் படுத்ததாகவும், வாங்காத மருந்தை வாங்கியதாகவும் எழுதிக் காசு எடுப்பது ஹராம் என்பதோடு, நேர்மையாகக் கேட்பவருக்கும் அது பாதிப்பு. ஒவ்வொரு பொய்க் கோரிக்கையும் அடுத்தவருடைய உண்மையான கோரிக்கையைச் சந்தேகத்தோடு பார்க்க வைக்கிறது.

ஊரில் ஆங்கிலமும் சிங்களமும் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆசிரியர்களாகிய நாம்தான் அதிகம். ஒரு விதவையின் வீட்டில், ஒரு மீனவரின் வீட்டில் விளங்காத கடிதம் ஒன்று அலுமாரிக்குள் கிடக்கக்கூடும். நாம் பத்து நிமிடம் உட்கார்ந்து வாசித்துச் சொன்னால், ஒரு முறையீடு எழுதிக் கொடுத்தால், அவர்களுக்குச் சேர வேண்டிய காசு சேரும். ஒரு காலத்தில் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார்தான் எல்லோருக்கும் கடிதம் வாசித்துக் கொடுத்தார், மனு எழுதிக் கொடுத்தார். அந்த வேலை இன்னும் முடியவில்லை.

அப்படிக் கடிதம் உள்ளவர்கள் யாராவது தெரிந்தால் இந்தப் பதிவை அவர்களிடம் சேர்த்துவிடுங்கள். உங்கள் பாடசாலையிலும் பள்ளிவாசலிலும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் இதற்கு ஒதுக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். மௌலவிமாரும் ஓய்வுபெற்ற அதிபர்களும் இலிகிதர்களும் சேர்ந்தால் இன்னும் நல்லது. அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.